ஆய்வுகூட ஜன்னலோரம்: மலையும் ஊசியும்

போன இதழில் ஈ.எஸ்.ஆர். பற்றி, அதாவது செங்குழியங்கள் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகின்றன என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை பற்றி எழுதியபோது, அது 100ஐத் தாண்டினால் டொக்டர் புரத எலெக்ட்ரோபொரெசிஸ் என்றொரு பரிசோதனையும் கேட்கக்கூடும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். சிலர் ரிப்போர்ட்டையே நான்காக மடித்து உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். முப்பது வருஷம் ஆய்வுகூட ஜன்னலுக்கு உட்பக்கம் இருந்தவள் நான். வெளிப்பக்கம் நிற்பவர்களுக்கு அந்தத் தாளைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் புரிகிறது. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

மிஸ், என் அம்மாவுக்கு 68 வயது. நான்கு மாதமாக நடு முதுகில் நோவு, படி ஏறினால் இளைப்பு. ஹீமோகுளோபின் 9.2, ஈ.எஸ்.ஆர். 118, மொத்தப் புரதம் 10.2, அல்புமின் 3.1. அதைப் பார்த்த டொக்டர் ‘புரோட்டீன் எலெக்ட்ரோபொரெசிஸ்’ எழுதினார். இரத்தம் கொழும்புக்குப் போய் ஒன்பதாம் நாள் தாள் வந்தது. மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு, அதன் கடைசியில் ஊசி போல ஒரு முனை. கிளினிக் தவணைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மொத்தப் புரதம்தான் முன்னமே தெரியுமே, பிறகு இது எதற்கு?
— உவர்மலை

தங்கச்சி, மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே கிளினிக் கொப்பியையும் இந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போய், தவணை இல்லாவிட்டாலும் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். அம்மாவுக்குக் கால் மரத்தாலோ, கால் பலம் குறைந்தாலோ, சலம் போக முடியாமல் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முதுகு நோவுக்கு பார்மசியில் டிக்ளோபெனாக், இபுபுரோபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நிலைமையில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். இதையெல்லாம் செய்துவிட்டு மிச்சத்தை வாசித்தால் போதும்.

சரி, கேள்விக்கு வருவோம். உப்புவெளிப் பக்கம் காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடி கரைக்கு வந்ததும் சம்மாட்டியார் ஒரு பார்வையில், ‘இன்றைக்கு இருநூறு கிலோ வரும்’ என்று சொல்லிவிடுவார். மொத்தப் புரதம் என்ற எண் அந்த இருநூறு கிலோ மாதிரி. அதில் நெத்தலி எவ்வளவு, காரல் எவ்வளவு, பாரை எத்தனை என்று கூடை கூடையாகப் பிரித்தால்தான் பட்டது என்ன மீன் என்று தெரியும். அந்தப் பிரிப்பு வேலையைத்தான் எலெக்ட்ரோபொரெசிஸ் செய்கிறது.

பிரிப்பதற்கு மின்சாரம். இரத்தத்தை உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிற நீரை எடுப்போம். அதற்குச் சீரம் என்று பெயர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் என்ற பொருளால் செய்த மெல்லிய ஜெலித் தகட்டில் அந்தச் சீரத்தில் ஒரு சொட்டுக்கும் குறைவாக வைத்து மின்னோட்டம் கொடுப்போம். காரத்தன்மையுள்ள கரைசலில், அதாவது பி.எச். 8.6 அளவில், புரதங்கள் எதிர் மின்னேற்றத்தோடு நிற்கும். ஆகவே நேர் முனையை நோக்கி ஓடும். எல்லாம் ஒரே வேகத்தில் ஓடாது. அல்புமின் முந்திக்கொண்டு போய்விடும். காமா இருந்த இடத்தை விட்டு அசையவே யோசிக்கும். ஜெலிக்குள் எதிர்ப்பக்கமாக ஓடும் நீர் அதைக் கொஞ்சம் பின்னுக்கும் தள்ளும். பிறகு சாயம் போட்டுக் கழுவினால் சேலைக் கரை மாதிரி ஐந்து பட்டிகள் தெரியும். அந்தப் பட்டிகளின் கருமையை ஒரு கருவி அளந்து கோடாக வரைவதுதான் உங்கள் ‘மலைத்தொடர்’. இப்போது பல இடங்களில் ஜெலி இல்லாமல் மயிரிழை போன்ற குழாய்க்குள்ளேயே பிரித்து அளந்துவிடுகிறார்கள். வேலை சுகம். ஆனால் சாயம் கழுவும்போது பட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்க்கும் சந்தோஷம் அதில் இல்லை என்பது என்னைப் போன்ற கிழடுகளின் புலம்பல்.

இதைத் தொடக்கிவைத்தவர் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்னே டிசேலியஸ். சீரத்தின் குளோபுலின்களை மின்னோட்டத்தில் பிரித்து அல்ஃபா, பீற்றா, காமா என்று அவர் பெயர் வைத்தது 1937இல். 1948இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் தாளில் இருக்கும் பெயர்கள் அவர் வைத்தவைதான்.

தாளை இடமிருந்து வலமாகப் பாருங்கள். முதலில் தனியாக உயர்ந்து நிற்பது அல்புமின். சாதாரணமாக மொத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் அதுதான். அடுத்து வரும் அல்ஃபா-1, அல்ஃபா-2, பீற்றா மூன்றும் சிறு மேடுகள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் அல்ஃபா மேடுகள் கொஞ்சம் உயரும். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு பீற்றா உயரலாம், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் அங்கே இருப்பதால். அவற்றைத் தாண்டிக் கடைசியில் வருவது காமா. உங்கள் அம்மாவின் கதை அங்கேதான் இருக்கிறது.

காமா என்பது பெரும்பாலும் நோய் எதிர்ப்புப் புரதங்கள். எலும்பு மச்சையில் இருக்கும் பிளாஸ்மா கலங்கள் அவற்றைச் செய்கின்றன. ஒவ்வொரு கலக் கூட்டமும் தனக்கென்று ஒரு புரதம். சின்ன வயதில் வந்த அம்மைக்கு ஒன்று, போன வருஷத்துக் காய்ச்சலுக்கு ஒன்று என்று ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் துளித்துளி வித்தியாசமாக ஓடுவதால் காமா அகலமான, தாழ்ந்த ஒரு மேடாக விழும். பல இன மீன் கலந்த மடி மாதிரி. காசநோய், ஈரல் நோய், மூட்டுவாதம் போன்றவற்றில் எல்லாக் கூட்டங்களும் சேர்ந்து பெருகும். அப்போது மேடு வீங்கும், ஆனால் மேடாகவே இருக்கும்.

ஒரேயொரு கூட்டம் மட்டும் பெருகினால்? அது செய்யும் புரதம் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒன்று. ஒரே மின்னேற்றம், ஒரே வேகம். எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கும். மடி முழுக்க ஒரே அளவுச் சூடை விழுந்த மாதிரி. மேட்டின் மீது ஊசி முளைக்கும். அந்த ஊசியைத்தான் எம் பாண்ட், எம் புரதம் என்று எழுதுகிறார்கள்.

உங்கள் டொக்டர் இதைச் சந்தேகித்தது ஒரு கழித்தல் கணக்கில். 10.2இலிருந்து 3.1ஐக் கழித்தால் 7.1. அல்புமின் அல்லாத புரதம் சாதாரணமாக இரண்டிலிருந்து மூன்றரை வரைதான் இருக்கும். மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். ஈ.எஸ்.ஆர். ஏறியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: இந்தப் புரதம் கூடினால் செங்குழியங்கள் காசு அடுக்கியது போல ஒட்டிக்கொண்டு விரைவாகக் கீழே இறங்கும்.

இனி இம்யூனோஃபிக்சேஷன் என்று ஒன்று செய்து அந்த ஊசி எந்த வகைப் புரதம் என்று பார்ப்பார்கள். கல்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், எலும்புப் படங்கள், அநேகமாக எலும்பு மச்சைப் பரிசோதனையும் வரும். மைலோமா என்ற பெயர் உங்கள் காதில் விழலாம். அது இரத்தப் புற்றுநோய்களில் ஒன்று. அதுதானா என்று இந்த ஒரு தாள் சொல்லாது. மேலே சொன்னவை எல்லாம் சேர்ந்துதான் சொல்லும். அதுவாகவே இருந்தாலும், முற்றாக மாற்றுவது அரிது என்றாலும், பல வருஷம் அடக்கி வைக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன. நாள் போக விடக்கூடாது, அவ்வளவுதான்.

சிஸ்டர், வாப்பாவுக்கு வயது 72. கண் ஒப்பரேஷனுக்கு முன் எடுத்த இரத்தத்தில் புரதம் கொஞ்சம் கூட என்று சொல்லி இந்த டெஸ்ட் எடுத்தோம். ‘எம் பாண்ட் 0.6 கிராம்/டெசிலீற்றர், ஐ.ஜி.ஜி. கப்பா’ என்று வந்தது. ஹீமோகுளோபின், கல்சியம், சிறுநீரகம் எல்லாம் சரி. டொக்டர், ‘பயமில்லை, ஆறு மாதத்தில் திரும்ப எடுங்கள்’ என்று அனுப்பிவிட்டார். போனில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. உம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. டொக்டர் எங்களிடம் மறைக்கிறாரா?
— கிண்ணியா

மறைக்கவில்லை தம்பி. மேலே உவர்மலைக் கடிதத்திலும் எம் பாண்ட், உங்கள் கடிதத்திலும் எம் பாண்ட். சொல் ஒன்று, ஆள் வேறு. அங்கே முதுகு நோவு, குருதிச்சோகை, மலை உயர ஊசி. இங்கே உங்கள் வாப்பாவின் மேட்டில் சின்னதாக ஒரு முள். ஐ.ஜி.ஜி., கப்பா என்பவை அந்த முள் எந்த வகை எதிர்ப்புப் புரதம் என்று சொல்லும் பெயர்கள்தான். உடம்பில் வேறொன்றும் இல்லை.

இதற்கு எம்.ஜி.யூ.எஸ். என்று பெயர். 1978இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரொபேர்ட் கைல் என்ற மருத்துவர் வைத்தது. விரித்தால், ‘முக்கியத்துவம் இன்னதென்று நிச்சயிக்க முடியாத ஒரேகுலப் புரதம்’ என்று அர்த்தம் வரும். மருத்துவர்கள் ஒரு நோய்க்கு இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எம் புரதம் டெசிலீற்றருக்கு 3 கிராமுக்குக் குறைவு, எலும்பு மச்சையில் பிளாஸ்மா கலங்கள் 10 வீதத்துக்குக் குறைவு, எலும்பு, சிறுநீரகம், கல்சியம், ஹீமோகுளோபின் எதுவும் இதனால் கெடவில்லை என்றால் இந்தப் பெயர். 0.6 போன்ற சிறிய அளவுக்கு, அதுவும் ஐ.ஜி.ஜி. வகைக்கு, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் மச்சைப் பரிசோதனையைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

எவ்வளவு சாதாரணம் என்றால், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு பகுதி மக்களைப் பரிசோதித்தபோது 50 வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ 3 வீதம் பேருக்கும், 70 தாண்டியவர்களில் 5 வீதம் பேருக்கும் இது இருந்தது. பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் வாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் சங்கடம்.

ஆனால் தம்பி, இதைக் கேட்டுவிட்டு ஆறு மாதத் தவணையை மறந்துவிடாதீர்கள். இது இருப்பவர்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் மைலோமாவுக்கோ அதைப் போன்ற நோய்க்கோ மாறுகிறார்கள். அந்தக் கணக்கு பத்து வருஷம் கழிந்தாலும் சூனியமாகாது. போன இரண்டு தடவையும் நல்லாகத்தானே இருந்தது என்று மூன்றாம் தடவையைக் கைவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். முதல் ஆறு மாதத்தில் மாற்றம் இல்லை என்றால் அப்புறம் டொக்டரே இடைவெளியைக் கூட்டுவார். இடையில் புதிதாக எலும்பு நோவு, களைப்பு, அடிக்கடி காய்ச்சல், சலத்தில் நுரை, மெலிவு இருந்தால் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

கண் ஒப்பரேஷனை இதற்காகத் தள்ளிப்போட வேண்டுமா என்று கண் டொக்டரிடமே கேளுங்கள், அநேகமாகத் தேவைப்படாது. உம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘புரதம் கூட’ என்று இருக்கிறது. அன்றிலிருந்து வீட்டுக்காரருக்கு முட்டை, மீன், பருப்பு மூன்றையும் நிறுத்திவிட்டேன். சோறும் கீரையும்தான். செய்தது சரியா, மிஸ்?
— மூதூர்

ஐயோ, பாவம் மனிதர். இன்றைக்கே ஒரு மீன் குழம்பு வையுங்கள்.

இரத்தத்தில் அளப்பது நாம் சாப்பிட்ட புரதத்தை அல்ல. மீனும் முட்டையும் குடலில் உடைந்து சிறு துண்டுகளாகத்தான் உள்ளே போகின்றன. அல்புமினைச் செய்வது ஈரல், காமாவைச் செய்வது பிளாஸ்மா கலங்கள். முட்டையை நிறுத்தினால் எம் பாண்ட் கரையாது, மனிதர்தான் கரைவார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புரத அளவைச் சிலசமயம் குறைக்கச் சொல்வார்கள். அது வேறு விஷயம், அதை டொக்டர் தனியாகச் சொல்லுவார்.

நீங்கள் அனுப்பிய தாளில் மொத்தப் புரதம் 8.4, படத்தில் ஊசி எதுவும் இல்லை, ஐந்து மேடும் அளவோடு இருக்கின்றன. கணவர் கடலுக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல் வந்து, அப்படியே இரத்தம் கொடுத்தாரா? உடம்பில் நீர் குறைந்தால் குழம்பு வற்றியது போல எல்லாப் புரதமும் ஒரு பிடி கூடிக் காட்டும். டொக்டரிடம் இதைச் சொல்லி, நன்றாகத் தண்ணீர் குடித்திருக்கும் ஒரு நாளில் திரும்ப எடுக்கலாமா என்று கேளுங்கள்.

வெறும் வயிற்றில் போக வேண்டுமா?
— நிலாவெளி

இந்த ஒரு பரிசோதனைக்காகப் பட்டினி வேண்டியதில்லை. கூடவே சீனி, கொழுப்பு எழுதியிருந்தால் அவற்றுக்காக வேண்டிவரும். துண்டைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள், இரண்டு தடவை அலைய வேண்டாம்.

முதல் ரிப்போர்ட்டில் ‘பீற்றா, காமா நடுவில் சந்தேகமான பட்டி’ என்று வந்தது. இரண்டு வாரம் தூக்கமில்லை. திரும்ப எடுத்தால் ஒன்றுமே இல்லையாம். எது பொய்?
— தம்பலகாமம்

இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இதில் எனக்கே ஒரு பழைய பாவம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். எந்த ஆய்வுகூடம் என்பது வேண்டாம். ஒரு நாள் ஜெலியைக் கழுவி எடுத்தபோது ஒரு மாதிரியில் பீற்றாவுக்கும் காமாவுக்கும் நடுவில் கூரான ஒரு பட்டி. புத்தகத்தில் பார்த்ததை முதல் தடவை கண்ணால் காண்கிறேன் என்ற புளகாங்கிதம். ‘எம் பாண்ட்’ என்று அழகாக எழுதி, கையெழுத்து வாங்க மூத்தவரிடம் கொண்டுபோனேன். அவர் ஜெலியைப் பார்க்கவே இல்லை. ‘பிள்ளை, இரத்தம் வந்த குழாயின் மூடி என்ன நிறம்?’ என்றார். போய்ப் பார்த்தேன். பச்சை.

பச்சை மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்டிருக்கும். உறையாத இரத்தத்தைச் சுழற்றினால் கிடைப்பது சீரம் அல்ல, பிளாஸ்மா. அதில் பிப்ரினோஜன் என்ற உறைய வைக்கும் புரதம் அப்படியே இருக்கும். அது போய் நிற்கிற இடம் சரியாக பீற்றாவுக்கும் காமாவுக்கும் நடுவில்! சரியான குழாயில் இரத்தம் எடுத்துத் திரும்ப ஓட்டினோம். பட்டி காணாமல் போனது. வாட்டில் கிடந்த அந்த ஐயாவுக்கு என் எழுத்து போய்ச் சேராமல் இருந்தது என் அதிர்ஷ்டம். அவருடையதும்தான்.

குழாய் சரியாக இருந்தாலும் இரத்தம் முழுதாக உறையும் முன் சுழற்றினால் இதே கோளாறு வரலாம். டயாலிசிஸ் செய்பவர்கள், ஹெப்பாரின் ஊசி போடுபவர்கள் இரத்தம் கொடுக்கும்போதே அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று இங்கிருந்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது தடவை இம்யூனோஃபிக்சேஷனும் செய்து சுத்தம் என்று வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். செய்யவில்லை என்றால் டொக்டரிடம் கேளுங்கள்.

இரத்தத்தில் எம் பாண்ட் இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் 24 மணி நேரச் சலம் கொண்டுவரச் சொல்கிறார்கள். சாதாரண சலப் பரிசோதனையிலும் புரதம் இல்லை. ஏன் இந்த வீண் வேலை?
— சீனக்குடா

வீண் வேலை இல்லை. எதிர்ப்புப் புரதம் ஒவ்வொன்றிலும் பாரமான சங்கிலிகள் இரண்டு, இலேசான சங்கிலிகள் இரண்டு. சில மைலோமாக்களில், ஏறத்தாழ ஆறில் ஒன்றில், கலங்கள் இலேசான சங்கிலியை மட்டுமே செய்து தள்ளும். அது சிறியது. இரத்தத்தில் தங்காமல் சிறுநீரகத்தால் வடிந்து சலத்தில் போய்விடும். அப்போது இரத்தப் படத்தில் ஊசி தெரியாமலே போகலாம். காமா மேடு படுத்துக் கிடப்பது மட்டும் ஒரு சாடையாகத் தெரியும். சலத்தில் தோய்க்கும் நிறக் கடதாசி இருக்கிறதே, அது முக்கியமாக அல்புமினைத்தான் காணும். இலேசான சங்கிலி அதன் கண்ணில் படாது.

இந்தப் புரதத்தை உலகம் முதலில் கண்டதே சலத்தில்தான். 1845இல் லண்டனில் எலும்பு நோவால் துடித்த ஒரு வியாபாரியின் சலத்தை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். இளஞ்சூட்டில் திரளும், கொதித்தால் கரையும், ஆறினால் மறுபடி திரளும். முட்டை வெள்ளை ஒருமுறை திரண்டால் திரண்டதுதான். இது என்ன விசித்திரம் என்று குழம்பிப்போனார்கள். அந்த வியாபாரி 1846ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே இறந்துபோனார். பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்று இன்றும் சொல்வது அதைத்தான். அது இலேசான சங்கிலி என்று நிரூபணமானது 1962இல், நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து.

இப்போது இரத்தத்திலேயே இந்தச் சங்கிலிகளை அளக்கும் பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. ஃப்ரீ லைட் செயின் என்று எழுதுவார்கள். கொஞ்சம் விலை கூட.

சலம் சேர்ப்பது எப்படி என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறீர்கள் என்றால், ஆறு மணிக்குப் போகும் சலத்தை வெளியே விட்டுவிடுங்கள். அது இரவுச் சலம், கணக்கில் இல்லை. அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு சொட்டும் போத்தலுக்குள். மறுநாள் காலை ஆறு மணிச் சலத்தையும் சேர்த்துக்கொண்டு மூடுங்கள். இடையில் ஒரு தடவை மறந்து வெளியே போய்விட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்குங்கள். மறைத்துக்கொண்டு வந்தால் கணக்குப் பிழைக்கும். ஆய்வுகூடம் தரும் போத்தலை மட்டும் பயன்படுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், பெரிதாகப் பெயர் எழுதி. ஐஸ்கிரீம் பெட்டியில் சேர்த்து பிரிஜ்ஜில் வைத்த ஓர் அம்மாவையும், அதைத் திறந்துபார்த்த அவர் பேரனையும் எனக்குத் தெரியும்.

மகனுக்கு வயது 6. முகமும் காலும் வீங்கி வாட்டில் சேர்த்தோம். அல்புமின் 1.6, ‘அல்ஃபா-2 உயர்வு’ என்று எழுதியிருக்கிறது. அல்ஃபா-2 கூடினால் என்ன நோய்?
— ஈச்சிலம்பற்று

தனி நோய் ஒன்றும் இல்லை அம்மா. சிறுநீரகத்தின் வடி கிழிந்த மாதிரி ஒரு நிலை, நெஃப்ரோட்டிக் சின்ட்ரோம் என்று சொல்லியிருப்பார்கள். சிறிய அல்புமின் ஓட்டையால் சலத்தோடு போய்விடுகிறது. அல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்பது பென்னம் பெரிய புரதம். ஓட்டைக்குள் நுழையாமல் மேலேயே தங்கிவிடுகிறது. அதனால் தாளில் முதல் மலை இடிந்தும் மூன்றாவது மேடு உயர்ந்தும் தெரிகிறது. இந்த வயதில் வரும் பெரும்பாலானோருக்கு ஸ்டீரொயிட் மருந்தில் வீக்கம் வடியும். வீங்கிய முகத்தைப் பார்த்து, மருந்தால் இன்னும் ஊதுகிறான் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நான் ஒரு ஆசிரியை. கல்யாணத்துக்கு முன் தலசீமியா பார்க்க எலெக்ட்ரோபொரெசிஸ் எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் பத்தியில் சொன்னதும் இதுவும் ஒன்றா?
— கந்தளாய்

பெயரில் பாதி ஒன்று, அவ்வளவுதான். அங்கே ஓடவிடுவது சீரப் புரதத்தை அல்ல, செங்குழியத்துக்குள் இருக்கும் ஹீமோகுளோபினை. ஹீமோகுளோபின் ஏ-2 என்ற வகை 3.5 வீதத்துக்கு மேல் இருந்தால் பீற்றா தலசீமியா காவி என்று சந்தேகிப்பார்கள். தலசீமியா பரம்பரையாக வரும் குருதிச்சோகை; காவி என்றால் தனக்குக் கடுமையாக இல்லாமல் அதைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர். துண்டில் ‘ஹீமோகுளோபின்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது விடுபட்டுப்போய், வேறு பரிசோதனைக்குக் காசு கட்டியவர்கள் உண்டு. உங்களுக்கு இருந்தால் அவருக்கும் பாருங்கள். இருவரும் காவிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் கடுமையாக வரும், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன் கேட்கத் துணிந்ததற்கு வாழ்த்து.

மிஸ், ஜனவரியில் ஒரு லாபில் எம் புரதம் 0.6. ஜூலையில் இன்னொரு லாபில் 7! ஆறு மாதத்தில் பத்து மடங்குக்கு மேல். மகள் வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டாள்.
— திருகோணமலை நகர்

மகள் வரட்டும், நல்லது. ஆனால் ஐயா, எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை வாசித்தீர்களா? முதல் தாளில் ‘கிராம்/டெசிலீற்றர்’. இரண்டாவதில் ‘கிராம்/லீற்றர்’. ஒரு லீற்றரில் பத்து டெசிலீற்றர். ஆக 7 என்பது 0.7தான். உங்களுக்குக் கூடியது 0.1. இரண்டு லாப், இரண்டு கருவி, ஊசியின் அடிவாரத்தை எங்கே வெட்டி அளப்பது என்பதில் இரண்டு கை. இந்த வித்தியாசம் அதிலேயே வந்துவிடும்.

இந்த நோயைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள் என்று சொல்வது இதனால்தான். அப்புறம், பழைய தாள்களை எறியாதீர்கள். எம் புரதத்தில் ஒரு தாளைவிட இரண்டு தாளுக்கு நடுவில் நடந்ததுதான் டொக்டருக்கு வேண்டும். எண் மட்டும் போதாது, படம் உள்ள பக்கமும் வேண்டும்; போட்டோக் கொப்பி எடுக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு கோப்பு வாங்கி, திகதி வரிசையில், கிளினிக் கொப்பியோடு வையுங்கள்.

ரிப்போர்ட்டின் படத்தை போனில் எடுத்து உங்களுக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?
— குச்சவெளி

மாட்டேன் மகள். படத்தில் ஊசி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். அந்த ஊசி யாருடைய உடம்பில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த ஆளைத் தொட்டுப் பார்த்த டொக்டரிடம் கொண்டுபோங்கள். இந்தப் பத்தியை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேள்வி கேட்டால் அவர் கோபிக்க மாட்டார். கோபித்தால் எனக்கு எழுதுங்கள், அதற்கு மட்டும் பதில் போடுகிறேன்.